நீர் மாத்திரை: காலையிலா, நண்பகலிலா, மாலையிலா?

மதுரையில் ஒரு மெடிக்கல் கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. மாதாமாதம் சீட்டோடு வருகிறவர்களில் பலர் எல்லா மாத்திரையையும் கேட்டு வாங்கிவிட்டு, ஒன்றைக் காட்டி மட்டும் "அது வீட்டுலயே நெறையக் கெடக்கு, வேணாம்" என்பார்கள். எது என்று பார்த்தால், பெரும்பாலும் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்கும் நீர் மாத்திரைதான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறவர்கள் குறைவு. போட்டால் ஒன்னுக்கு வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போன இடத்தில் எங்கே போவது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அதற்கு மாத்திரையை விடுவது தீர்வாகாது. போடும் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

எந்த நேரம் யாருக்குப் பொருந்தும், எது யாருக்கு ஆகாது என்பதை இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் மருத்துவர் கையில் இருக்கிறது. நேரத்தை மாற்றுவதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பேச்சை நாம்தான் ஆரம்பிக்க வேண்டும். நாம் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறோம், கழிப்பறை வீட்டுக்குள்ளே இருக்கிறதா கொல்லையில் இருக்கிறதா என்பதெல்லாம் நாம் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய வழியில்லை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

நீர் மாத்திரை என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருக்கும் மருந்து ஆளுக்கு ஆள் வேறு. இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்களுக்கும், கால் வீக்கம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஃப்யூரோசிமைட் அல்லது டார்செமைட் கொடுப்பார்கள். லாசிக்ஸ், டைட்டார் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். இவை வேகமானவை. ஃப்யூரோசிமைட் போட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். டார்செமைட்டும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வித்தியாசம், டார்செமைட் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் உடம்பில் சீராகச் சேரும். ஃப்யூரோசிமைட் சேரும் அளவு ஒருவருக்கே நாளுக்கு நாள் மாறும், சாப்பாட்டோடு போட்டால் இன்னும் குறையும். அதனால் வெறும் வயிறு என்றால் தினமும் வெறும் வயிறு, சாப்பிட்ட பிறகு என்றால் தினமும் சாப்பிட்ட பிறகு என்று ஒரே மாதிரி போடுவது நல்லது.

'பக்கத்து வீட்டுக்காரருக்குப் புது மாத்திரை, எனக்கு மட்டும் பழசா' என்று கேட்கிறவர்களும் உண்டு. இதய பலவீனத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய 2,859 பேரிடம் இந்த இரண்டு மருந்தையும் ஒப்பிட்ட டிரான்ஸ்ஃபார்ம் எச்.எஃப். என்ற அமெரிக்க ஆய்வு 2023இல் வெளிவந்தது. இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. பழைய மாத்திரைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

அடுத்த வகை ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது: ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு. இவை பல சமயம் டெல்மிசார்டன் போன்ற பி.பி. மருந்தோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வரும். மாத்திரைப் பெயரின் வாலில் 'எச்' என்றோ 'சி.டி.' என்றோ எழுத்து இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள். தாங்கள் வருடக்கணக்கில் நீர் மாத்திரை போடுகிறோம் என்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. பி.பி.க்கான சிறிய அளவில் முதல் சில வாரம் சற்று அதிகம் போகும், பிறகு அது அடங்கிவிடும். குளோர்தாலிடோன் ஒருமுறை போட்டால் அதன் வேலை இரண்டு மூன்று நாள்கூட நீடிக்கும். பஸ் ஏறும் நாளில் மட்டும் அதை விட்டுவிடுவதால் ஒரு லாபமும் கிடையாது.

மூன்றாவது ஸ்பைரோனோலாக்டோன், ஆல்டாக்டோன் என்ற பெயரில் கிடைப்பது. இது வேலை காட்டவே இரண்டு மூன்று நாள் ஆகும். போட்ட கையோடு ஒன்னுக்கு ஓட வைக்காது. மற்ற இரண்டு வகையும் பொட்டாசியத்தை வெளியே தள்ள, இது பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். அதனால் வரும் சிக்கலைப் பிறகு சொல்கிறேன். லாசிலாக்டோன் போல ஃப்யூரோசிமைட்டும் இதுவும் கலந்த மாத்திரையாக இருந்தால், வேகமான பாதிக்கு ஏற்றபடிதான் நேரத்தைக் கணக்குப் போட வேண்டும்.

ஆகவே கழிப்பறைக் கவலை உண்மையில் முதல் வகைக்காரர்களுக்குத்தான். இனிச் சொல்லப்போகும் நேரக் கணக்கும் முக்கியமாக அவர்களுக்கே.

காலையில்

வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. ஏழு மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் அலைச்சல் முடிந்துவிடும். மாலையில் கோயிலுக்கோ கல்யாண வரவேற்புக்கோ நிம்மதியாகப் போகலாம், இரவுத் தூக்கமும் கெடாது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடுவதால் மறப்பதும் குறைவு. மருத்துவர்கள் காலை என்று எழுதுவதன் காரணம் இதுதான்.

சிக்கல் காலை ஏழரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு. ஆறரை மணிக்கு மாத்திரை போட்ட ஒரு சித்தாளோ, கண்டக்டரோ, ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணோ எட்டு மணிக்கு டவுன் பஸ்ஸில் இருக்கும்போதுதான் மருந்து உச்சத்தில் இருக்கும். அவர்கள் தாங்களாகவே இரண்டு வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒன்று, மாத்திரையை விடுவது. மற்றொன்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீரை நிறுத்துவது. இரண்டாவது வழி பாதுகாப்பானது என்றே பலர் நம்புகிறார்கள். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். மாத்திரை ஒரு பக்கம் நீரை இறக்க, வியர்வை இன்னொரு பக்கம் இறக்க, குடிப்பதும் நின்றுபோனால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும், சிறுநீர் மஞ்சளாகிக் கடுக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, அது வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும். இதய நோயாளிகளுக்கு மருத்துவர் ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு சொல்லியிருப்பார். அந்த அளவுக்கு மேலும் போகக் கூடாது, கீழும் இறங்கக் கூடாது.

வேலை முடிந்து வீடு திரும்பியதும்

இந்த வழியைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்கிறேன். ஏனென்றால் இது யாருக்கும் தானாகத் தோன்றுவதில்லை.

எங்கள் கடைக்கு வரும் பூக்கார அக்கா ஒருவர். இதய பலவீனத்துக்கு ஃப்யூரோசிமைட் 40 மில்லிகிராம், காலையில் ஒன்று. அந்த அட்டை மட்டும் கரையாமல் இருப்பதைக் கவனித்துக் கேட்டேன்.

"நாலு மணிக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனா, பூ வித்துட்டு வீடு திரும்ப பதினோரு மணி ஆகுது தம்பி. நடுவுல எங்கிட்டுப் போறது? அதான் தண்ணியும் குடிக்கிறதில்ல, அந்த மாத்திரையும் போடுறதில்ல."

"இத டாக்டர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"இதப் போயி அவர்கிட்ட எப்பிடிய்யா சொல்றது?"

அந்தக் கூச்சம் எனக்குப் புரிந்தது. அவர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: 'காலை 4 முதல் 11 வரை வேலை. கழிப்பறை வசதி இல்லை. நீர் மாத்திரையை நண்பகலில் போடலாமா?' அடுத்த ஓ.பி.யில் அவர் வாயே திறக்காமல் சீட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். மருத்துவர் படித்துவிட்டு, 'மதியம் 12' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மாத்திரை போடுகிறார். ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, எட்டரைக்குப் படுத்துவிடுகிறார். மார்க்கெட்டில் இருக்கும்போது பயமில்லாமல் இரண்டு மிடறு தண்ணீர் குடிக்க முடிகிறது. அவர் காலில் செருப்பு வார் பதிந்து பள்ளமாகக் கிடந்த தடம், அடுத்த மாதம் மருந்து வாங்க வந்தபோது ஆழம் குறைந்திருந்தது.

நண்பகலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் இருப்பவர்களுக்குக் காலில் சேரும் நீர், ராத்திரி படுத்ததும் மேலே ஏறி ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் அதை இரவெல்லாம் வெளியே அனுப்பும். 'நீர் மாத்திரை காலையில்தானே போடுறேன், ராத்திரி ஏன் நாலு தடவை எந்திரிக்கிறேன்' என்று கேட்கும் பெரியவர்கள் பலருக்குக் காரணம் இதுதான். பிற்பகலில் போட்ட மாத்திரை அந்த நீரைப் படுப்பதற்கு முன்பே இறக்கிவிடும் என்பதால், சில மருத்துவர்கள் தெரிந்தே மதியத்துக்கு மாற்றுவார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருப்பதும் உதவும்.

கடைசி வரம்பு எது என்றால், படுக்கும் நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். ஒன்பது மணிக்குப் படுப்பவர் மூன்று மணிக்குள், பத்து மணிக்குப் படுப்பவர் நான்கு மணிக்குள். மதிய மாத்திரையில் ஒரே குறை, மறந்துபோவது. காலை மாத்திரைகளோடு டப்பாவில் போட்டு வைக்காமல், சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் தனியாக வையுங்கள். மறந்துபோய் பிற்பகலில் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். இரவு ஏழு மணிக்கு நினைவு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

இரண்டு வேளை என்று எழுதியிருந்தால்

சீட்டில் 1-1-0 என்று இருக்கும், காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு இல்லை என்று அர்த்தம். ஆனால் 'இரண்டு வேளை' என்று காதில் விழுந்ததும் காலை, இரவு என்றே மனம் எடுத்துக்கொள்கிறது, மற்ற எல்லா இரண்டு வேளை மாத்திரையும் அப்படித்தானே இருக்கிறது. எட்டு மணிக்கு இரண்டாவது மாத்திரையைப் போட்டுவிட்டு விடிய விடியத் தூங்காமல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வேளை மதியம் இரண்டு மணி வாக்கில் போட வேண்டியது. மருந்து வாங்கும்போது உறையின் மேல் மணியையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாலையிலும் இரவிலும்

இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், மருத்துவர் குறிப்பாக எழுதியிருந்தால் தவிர. தூக்கம் கெடுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து விழுவது. எழுபது வயதுக்காரர் தூக்கக் கலக்கத்தில் சட்டென்று எழுகிறார். மாத்திரையால் ரத்த அழுத்தம் எழுந்த வேகத்தில் இறங்குகிறது. கழிப்பறை கொல்லைப்புறத்தில், நடுவில் இரண்டு படி, தரை ஈரம். இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயதில் மீண்டு நடப்பது பெரும்பாடு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் படுக்கை பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, எழுந்ததும் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடப்பது, இவற்றை நேரம் எதுவானாலும் செய்யுங்கள்.

பி.பி. மாத்திரையை ராத்திரி போட்டால்தான் மாரடைப்பு வராது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறவர்களும் உண்டு. பிரிட்டனில் 21,104 பேரைச் சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த டைம் என்ற ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. காலையில் போட்டவர்களுக்கும் மாலையில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க, நீர் மருந்து கலந்த மாத்திரையை இரவுக்குத் தள்ளித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் என்ன பயன்?

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிலும் கல்யாண மாதத்திலும் சித்திரைத் திருவிழாவிலும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முதல் நாள் ராத்திரியே வந்து வைகைக் கரையில் இடம்பிடித்து நிற்கிறவர்களிடம் 'மாத்திரையைப் போட்டுட்டு வாங்க' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் ஒரு நாள் என்று ஆரம்பிப்பது திருவிழா முடியும்வரை மூன்று நான்கு நாளாக நீண்டுவிடுகிறது. அந்த நாட்களில்தான் புளியோதரை, ஊறுகாய், அப்பளம், கடைச் சாப்பாடு என்று உப்பும் ஏறுகிறது. உப்பு நீரைப் பிடித்து வைக்கும், அதை இறக்க வேண்டிய மாத்திரை உள்ளே போகவில்லை. நீர் சத்தமில்லாமல் சேரும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, மூன்றாம் நாள் படுத்தால் மூச்சு முட்டும்.

யாருக்கு எவ்வளவு ஆபத்து என்பதில் வேறுபாடு உண்டு. பி.பி.க்காகச் சிறிய அளவில் போடுகிறவருக்கு ஒரு நாள் தவறினால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது, அழுத்தம் கொஞ்சம் ஏறலாம். இதய பலவீனத்தால் ஏற்கனவே ஒருமுறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு ஒரு நாள்கூட விடுவது சரியல்ல. அவருக்கு நேரத்தை நகர்த்துவது ஒன்றுதான் வழி.

பயணத்துக்கும் அதே கணக்குதான். காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேரும் ஊர் என்றால், உதாரணமாக ராமேஸ்வரம், போய் இறங்கி அறையில் மூட்டையை வைத்துவிட்டுப் போடலாம். முற்பகல் பதினோரு மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் ஐந்தரைக்கே எழுந்து போட்டுவிட்டால் ஐந்து மணி நேரம் வீட்டில் கிடைக்கும், அதிகமாகப் போவது அதற்குள் அடங்கிவிடும். பகல் முழுக்கப் பிரயாணம் என்றால் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலைப் பாருங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸில் கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரவு பஸ்ஸோ ரயிலோ என்றால் கவலையே இல்லை, வழக்கமான காலை மாத்திரை கிளம்புமுன் எப்போதோ ஓய்ந்திருக்கும். மீனாட்சி அம்மன் கோயிலில் தரிசன வரிசையில் நிற்க நினைப்பவர்களுக்கும், காலை மாத்திரை போட்டிருந்தால் மாலை நேரம்தான் தோது.

இளநீரா, டானிக்கா?

நீர் மாத்திரை என்றாலே இளநீர் குடி, வாழைப்பழம் சாப்பிடு என்று ஒரு பொது அறிவுரை ஊரெல்லாம் இருக்கிறது. பாதிப் பேருக்கு அது சரி, மீதிப் பேருக்கு ஆபத்து. எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பது அட்டையிலும் ரத்தப் பரிசோதனையிலும் இருக்கிறது.

ரத்தத்தில் பொட்டாசியம் 3.5இலிருந்து 5 வரை இருக்க வேண்டும். ஃப்யூரோசிமைட், டார்செமைட், குளோர்தாலிடோன் போன்றவை அதை இறக்கும். கெண்டைக்கால் சதை பிடித்து இழுப்பது, கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு இவை அறிகுறிகள். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் நன்றாக இருந்து, பொட்டாசியம் சற்றே குறைவாக இருப்பவருக்கு உணவு போதும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, ஓர் இளநீரில் அதைவிட அதிகமாகவே இருக்கும். சுகர் உள்ளவர்கள் இரண்டையும் அளந்துதான் எடுக்க வேண்டும். நன்றாக இறங்கிவிட்டால் உணவால் ஈடுகட்ட முடியாது, மருத்துவர் பொட்டாசியம் டானிக் எழுதுவார். அதைத் தண்ணீரில் கலந்து சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டும். அப்படியே விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும். சிலருக்கு டானிக்குக்குப் பதில் ஸ்பைரோனோலாக்டோன் கலந்த மாத்திரையாக மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது மற்ற பாதி. ஸ்பைரோனோலாக்டோன் போடுகிறவர்கள், அதோடு டெல்மிசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பி.பி. மருந்துகளையும் போடுகிறவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள். இவர்கள் உடம்பில் பொட்டாசியம் தங்கும். அதன் மேல் தினம் ஓர் இளநீர் என்று வெயிலுக்காகக் குடித்தால் அளவு மீறும். கொடுமை என்னவென்றால், பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது, நேராக இதயத் துடிப்பில்தான் கை வைக்கும். பி.பி.க்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கிறது. இவர்கள் அந்த உப்பைச் சமையலறைக்குள் விடவே வேண்டாம், சாதாரண உப்பையே குறைத்துப் போட்டால் போதும்.

பரிசோதனையில் பார்க்க வேண்டியது சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின். மாத்திரை புதிதாக ஆரம்பித்தாலோ அளவு மாறினாலோ ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறை. ஸ்பைரோனோலாக்டோன் என்றால் முதல் வாரம் ஒன்று, நான்காம் வாரம் ஒன்று, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை. வயதானவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால், முதுமை என்று விட்டுவிடாமல் சோடியத்தைப் பாருங்கள். பி.பி.க்குக் கொடுக்கும் இரண்டாவது வகை, அதாவது தயசைடு வகை மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடும். அதே வகை யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால், கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி வலித்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி

மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்பதைக் காலை அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. குழி விழும் அளவுக்கு வீங்குவதற்குள் சில லிட்டர் நீர் சேர்ந்திருக்கும். எடைக் கருவி அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இதய நோயாளி உள்ள வீட்டில் சத்து பானத்துக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழிக்கலாம். காலையில் எழுந்து ஒன்னுக்குப் போய்விட்டு, ஒன்றும் சாப்பிடாமல், ஒரே மாதிரி உடுப்பில் நின்று, வரும் எண்ணைத் தினசரி காலண்டர் தாளில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறினாலோ ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். எடை இறங்கிக்கொண்டே போய், தலைசுற்றலும் நாக்கு வறட்சியும் இருந்தால் மாத்திரை அதிகமாகிறது என்று பொருள், அதற்கும் கூப்பிட வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் பெண் பணியாளரிடம் இந்த எண்களைக் காட்டலாம். ஆண் மருத்துவரிடம் ஒன்னுக்குத் தொல்லையைச் சொல்லக் கூச்சப்படும் பெண்கள் அவரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

மாத்திரையை நிறுத்த வேண்டிய நாட்கள்

விடக் கூடாது என்று இவ்வளவு சொன்னாலும், போடக் கூடாத நாட்களும் இருக்கின்றன. வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் உடம்பில் ஏற்கனவே நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கும் கடமையாக நீர் மாத்திரையைப் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். சுகருக்கும் இதயத்துக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு இன்னும் வேகமாக வற்றும், ஏனென்றால் அவையும் சிறுநீரைக் கூட்டுகிறவை. இப்படிப்பட்ட நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பதை நோய் வந்த பிறகு கேட்காமல், நன்றாக இருக்கும்போதே கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரமலான் நோன்போ சஷ்டி விரதமோ இருக்கிறவர்களும் ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் என்றால் மருத்துவர் வேண்டாம் என்றும் சொல்லக்கூடும்.

நெருஞ்சில் கஷாயம், நீர்முள்ளி, வாழைத்தண்டு சாறு என்று நீர் பிரியக் குடிப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும்.

எங்கள் கடையில் நான் அடிக்கடி மறுத்துச் சண்டை வாங்கிக் கட்டிக்கொள்வது மூட்டுவலி மாத்திரைக்குத்தான். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் எல்லாமே உடம்பில் உப்பையும் நீரையும் நிறுத்தி, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். நீர் மாத்திரை, டெல்மிசார்டன் அல்லது ராமிப்ரில், அதன் மேல் இந்த வலி மாத்திரை என்று மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். இரண்டு பக்கமும் தனித்தனி மருத்துவர், தனித்தனி சீட்டு என்பதால் இது யார் கண்ணிலும் படாமலே நடக்கும். வலிக்கு மாத்திரை கேட்கும்போது நீர் மாத்திரை அட்டையையும் கூடவே காட்டுங்கள். பாராசிட்டமாலோ மேலே தடவும் மருந்தோ போதுமா என்று கேளுங்கள். அட்டையை வெட்டி வாங்குகிறவர்கள் பெயரும் காலாவதி தேதியும் இருக்கும் பக்கத்தை வெட்டாமல் தரச் சொல்லுங்கள். மாத்திரையின் பெயர் தெரியாமல், "வெள்ளையா, குட்டியா இருக்கும் தம்பி" என்று சொன்னால் எந்த மருந்துக் கடைக்காரராலும் உங்களுக்கு உதவ முடியாது.